இரண்டு டின் வெள்ளைத் தண்ணீர்

சீழ்க்கை அடிப்பதுபோல ஒரு சத்தம். அந்த நாளை நினைத்தால் அதுதான் முதலில் காதில் விழுகிறது.

கார் போட்ட சத்தம் வேறு. அது முன்பக்கத்து மூடியின் வழியாக ஆவியைக் கக்கிக்கொண்டு புஸ்ஸென்று சீறியது. நான் சொல்லும் சீழ்க்கை, பின்சீட்டில் ஒரு சீனரின் மடியில் கிடந்த சின்னப் பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது. மூச்சை இழுக்கும்போது ஒரு தரம், விடும்போது ஒரு தரம். மூன்று நான்கு வயது இருக்கும். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தது.

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலுக்கு எதிரே, தாப்பாவுக்குப் போகும் பெரிய சாலையில், உச்சி வெயிலில் கார் நின்றிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. நான் பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் என்பாள் அம்மா. அந்தப் பக்கத்தில் வெள்ளம் வராத வருஷம் எது?

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் நான் வளர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த சுங்காய் ஊர் வாசகி ஒருவர், "உங்கள் அம்மாவை ஒரேயடியாகப் புகழ்கிறீர்களே, அவர் உங்களை அடித்ததே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நன்றாகவே அடித்திருக்கிறாள். ஆனால் கட்டாயம் அடித்திருக்க வேண்டிய ஒரு நாளில் அடிக்கவில்லை. அந்த நாளைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

அம்மாவின் சட்டம்

அந்தக் காலத்துக் கார்கள் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். எங்கள் வாசலைத் தாண்டியதும் சாலை ஏற ஆரம்பிக்கும். ஏற்றத்துக்கு முன்பே மூச்சு வாங்கி நின்றுவிடும் கார், வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். டயர் வெடித்து நிற்பது தனிக் கணக்கு.

தோட்டத்து ஜனங்கள் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கார்க்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கங்காணியின் உத்தரவு. ஏதாவது தொலைந்தால் நம் தலையில்தான் விடியும் என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை, அப்படியும் நடந்திருக்கிறது.

அம்மா அந்த உத்தரவை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாள். "ரோட்டுல ஒருத்தன் நின்னான்னா, எந்த ஊரு, என்னா சாதின்னு கேக்காத. என்னா வேணும்னு மட்டும் கேளு" என்பாள். எனக்குச் சொன்ன முதல் புத்தி அதுதான் என்று நினைக்கிறேன். பல் விளக்கச் சொன்னது அதற்கப்புறம்.

காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். கப்பலை விட்டு இறங்கி, ரயிலை விட்டும் இறங்கி, கங்காணிக்குப் பின்னால் கூட்டத்தோடு தோட்டத்துக்கு நடந்து வந்தபோது அவளுக்குக் காய்ச்சல். வழியில் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரி" என்று கங்காணி அதட்டினாரே தவிர நிற்கவில்லை. கம்பம் என்னும் மலாய்க் கிராமத்து வீட்டிலிருந்து ஒரு மலாய்க்காரம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தலையைப் பிடித்துக் குடிக்க வைத்தாராம். பாஷை தெரியாது, பேர் தெரியாது. "அந்தத் தண்ணி இன்னும் வயித்துல இருக்கு" என்றாள் அம்மா.

நான் ஒரு தடவை இந்தச் சட்டத்தை மீறினேன். டயர் வெடித்து நின்ற காரைப் பார்த்தும் பார்க்காததுபோல வந்துவிட்டு, அந்தப் புத்திசாலித்தனத்தை அம்மாவிடமே சொன்னேன். சோறு போடாமல் திருப்பி அனுப்பினாள். நான் போவதற்குள் கார் போய்விட்டது. அவர்கள் தின்று போட்ட வாழைப்பழத் தோல்தான் கிடந்தது. அதை எடுத்துவந்து காட்டிய பிறகுதான் தட்டில் சோறு விழுந்தது.

அதனால் அன்று, ஆவி கக்கிக்கொண்டு கார் நின்றதும் ஓடினேன். நல்ல பிள்ளையாகத்தான் ஓடினேன்.

பானையும் பீப்பாயும்

டிரைவர் தமிழர். காக்கிச் சட்டை, வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, தண்ணி வேணும். சீக்கிரம் கொண்டாலா. புள்ள தொண்டையில ரம்புத்தான் கொட்ட மாட்டிக்கிச்சு. ஹுத்தான் மெலிந்தாங்லேருந்து வாரோம். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

பின்சீட்டிலிருந்த சீனர்தான் பிள்ளையின் அப்பா. மீன் வியாபாரம் பார்க்கும் தவுக்கே, அதாவது முதலாளி. அவர் என்னைப் பார்த்து, "தோலோங், தோலோங்" என்றார். உதவி என்பதற்கு மலாயில் அதுதான் வார்த்தை. அதற்கு முன் ஒரு தவுக்கே என்னிடம் எதையும் கேட்டதில்லை. அவர் கண்ணைப் பார்த்ததும் தண்ணீருக்கு ஓடினேன்.

ஓடை இருப்பது கால் மைல் தள்ளி, பள்ளத்தில். வாசலுக்குப் பக்கத்திலேயே பால் கொட்டாய். பாலுக்காக மரப்பட்டையைச் சீவும், எங்கள் பேச்சில் மரம் வெட்டும், பெண்கள் மத்தியானம் ரப்பர் பாலை வாளியில் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கும் கூரைப் பந்தல் அது. அங்கே இரண்டு இடத்தில் தண்ணீர் உண்டு. ஒன்று கங்காணியின் குடிதண்ணீர்ப் பானை. மேலே பித்தளைத் தட்டு போட்டு மூடியிருக்கும். அதை நாங்கள் தொடக் கூடாது. நாக்கு வறண்டு விழுந்தாலும் தொடக் கூடாது. இன்னொன்று, மரத்தில் பால் பிடிக்கும் மங்கும் வாளியும் அலசிய தண்ணீரை ஊற்றி வைக்கும் பீப்பாய். அலசின தண்ணீரிலும் பால் இருக்கும் என்பதால் அதையும் ரப்பர் ஆக்கும் ஸ்டோருக்கு அனுப்புவார்கள்.

நான் பீப்பாயில் மண்ணெண்ணெய் டின்னை முக்கினேன்.

இதைப் படிப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. ஆனால் எங்கள் உலகத்தில் தண்ணீர் என்றாலே கொஞ்சம் வெள்ளைதான். கை கழுவினால் வெள்ளை, பாவாடையைத் துவைத்தால் வெள்ளை, எந்த வாளியில் மொண்டாலும் அடியில் ஒரு வெள்ளை. மனிதன் குடிக்காத தண்ணீரைக் கார் குடித்தால் என்ன என்றுதான் நினைத்தேன். பத்தடி தூரத்தில் நல்ல தண்ணீர் இருந்தது. என் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

டிரைவர் டின்னை வாங்கி ஒரு கணம் பார்த்தார்.

"என்னா தங்கச்சி வெள்ளையா இருக்கு? லம்பத்துத் தண்ணியா?"

லம்பம் என்றால் ஈயம் தோண்டும் இடம். ஈப்போப் பக்கம் அங்கிருந்து வரும் தண்ணீர் கலங்கிப் போய் வெளுப்பாக இருக்கும். அவர் டவுன்காரர், அவருக்குத் தெரிந்த வெள்ளைத் தண்ணீர் அது.

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பெரியவர்கள் ஒன்று கேட்டால் ஆமாம் என்று ஆட்டிவிடுவது எங்களுக்குப் பழக்கம். அவ்வளவுதான் பதில். வேறு பதில் இருந்தால் நானே கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

காரின் முன்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு டின் ஊற்றினார். மூடியைத் திருகினார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தவுக்கே ஜன்னல் வழியாக எனக்குக் கும்பிடு போட்டார். நான் பெருமையோடு நின்றேன்.

முடியில் ஒட்டிய பால்

டின்னைத் திருப்பி வைக்கப் போனபோது அதன் விளிம்பில் கை பட்டது. பிசுக்கென்று ஒட்டியது.

அப்போதுதான் அம்மாவின் தலைமுடி ஞாபகம் வந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால், அம்மா குளிக்க வெந்நீர் போடுகிறேன் பேர்வழி என்று, பால் வாளியைச் சரியாகக் கழுவாமல் அடுப்பில் ஏற்றியிருந்தேன். கொதி வந்ததும் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதந்தது. நான் அதைக் கவனித்தேன், சொல்லவில்லை. அம்மா தலையில் ஊற்றிக்கொண்டாள். மயிரோடு மயிராக ரப்பர் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் போட்டுத் தேய்த்தும் வரவில்லை. கடைசியில் கத்தரிக்கோல்தான். பல நாள் அம்மா முக்காடு போட்டுக்கொண்டுதான் மரம் வெட்ட மலைக்காட்டுக்குப் போனாள்.

காலையிலிருந்து வெக்கையில் நின்று புளித்துப்போன பால். அது இப்போது ஒரு கொதிக்கிற இரும்புக்குள் இருக்கிறது. குலுங்கிக்கொண்டு போகிறது.

கார் கண்ணுக்கு மறைந்தாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பேர் இதில் வரவே வராது. கொட்டாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்து நகத்தில் ஒட்டியிருந்த ரப்பரை உரித்துக்கொண்டிருந்தேன். நேரம் எவ்வளவு போயிற்று என்று தெரியாது. அந்தச் சீழ்க்கை மட்டும் காதுக்குள் நிற்காமல் கேட்டது.

எழுந்து போனேன். பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். அம்மாவுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

"அம்மா, ஒரு கார் நின்னுச்சு. தண்ணி குடுத்தேன்."

"நல்லதாப் போச்சு."

"அம்மா..."

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "எந்தத் தண்ணி?"

நான் பீப்பாயைக் காட்டினேன். காருக்குள் இருந்த பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறியதை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். வாளி இரண்டையும் அப்படியே தரையில் வைத்தாள். வரிசையை விட்டு நேராகக் கங்காணியின் பானைக்குப் போனாள். பித்தளைத் தட்டைத் தள்ளிவிட்டு, பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"ஏ அஞ்சல, கிறுக்குப் புடிச்சிருக்கா? பாலு நிறுக்கல. இன்னிக்குப் பேரு வேணாமா ஒனக்கு?" என்றார் கங்காணி.

"பேர வெட்டிக்குங்க" என்றாள் அம்மா. அன்றைய கூலி போகும் என்று தெரிந்தும் நடந்துகொண்டே சொன்னாள்.

பால் வண்டி

எங்கள் அப்பா பால் வண்டிக்காரர். நிறுத்த பாலைப் பெரிய பீப்பாயில் ஏற்றி, மாட்டு வண்டியில் ஸ்டோருக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அன்று பீப்பாய் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அம்மா பானையை வண்டியில் ஏற்றி, தானும் ஏறி, என்னையும் இழுத்துப் போட்டாள்.

"ரோட்டுக்கு விடுங்க. தாப்பா பக்கம்."

"பாலு இருக்கு புள்ள."

"இருக்கட்டும். எறக்க நேரமில்ல."

அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாட்டைத் தட்டினார். 

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன பயம் என்று தோன்றலாம். தோட்டத்துப் பால் தோட்டத்தை விட்டு வெளியே போனால் அதற்குப் பேர் திருட்டு. பால் வண்டியைப் பெரிய சாலையில் யார் பார்த்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். போலீஸ் வரும். அதற்கு முன்னால் வேலைச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

ஒன்றரை மைல் போனதும் ஏற்றத்தின் நடுவில் கார் நின்றது. நிற்கும் என்று தெரியும். ஆனாலும் அதைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது.

டிரைவர் மூடியைத் திறந்து வைத்து, கம்பியை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக, நீளமாக, இடியாப்பம் போல வந்தது. தவுக்கே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் மேலும் கீழும் நடந்தார். சீழ்க்கைச் சத்தம் முன்னைவிடச் சன்னமாகியிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் முகத்திலிருந்து நானும் தெரிந்துகொண்டேன்.

"சொல்லு" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள் அம்மா.

"அண்ணே, அது லம்பத்துத் தண்ணி இல்ல. பாலு கழுவுன தண்ணி."

அவர் கையிலிருந்த ரப்பர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான் கேட்டனே தங்கச்சி" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் என்ன சொல்கிறேன் என்று தவுக்கே மலாயில் கேட்டார். டிரைவர் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டார்.

பானைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். உள்ளே இறங்கவில்லை. வாயோடு நின்று வழிந்தது. வேறு கார் கிடைக்கும் தாப்பாவுக்கு இன்னும் ஐந்தாறு மைல். ஏற்றத்தில் மாட்டு வண்டி போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆனாலும் பிள்ளையையும் தவுக்கேயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். டிரைவரும் காரை விட்டுவிட்டுக் கூடவே நடந்தார்.

எதிரே ஒரு லாரி வந்தது. வேறு திசை. பின்னாலிருந்து ஒரு கார் வந்தது. டிரைவர் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அது விலகி, செம்மண்ணை எங்கள் மேல் இறைத்துவிட்டுப் போயிற்று.

போன மாதம் என் மகனோடு காரில் ஈப்போவிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கோப்பெங் தாண்டி ஒரு குடும்பம் காரை ஓரங்கட்டிவிட்டு மழையில் நின்றது. "நமக்கெதுக்கும்மா, காலம் கெட்டுக் கெடக்கு" என்று அவன் ஓட்டிக்கொண்டே போனான். நான் கதவைத் திறக்கப் போனேன். பயந்து நிறுத்திவிட்டான். பேரப்பிள்ளைகள் பின்னால் இருந்து சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கட்டும். செம்மண் என் வாயில் விழுந்திருக்கிறது, அவர்கள் வாயில் விழவில்லை.

துரையின் கார்

"இன்னிக்கு சனிக்கெழம" என்றாள் அம்மா திடீரென்று. "தொரை கார் வரும்."

தோட்டத்து மேலாளரான எங்கள் வெள்ளைக்காரத் துரை சனிக்கிழமை மத்தியானம் ஈப்போவுக்குப் போவார். கிளப்பில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார். அது எல்லாருக்கும் தெரியும். அவருடைய கார் வந்தால் நாங்கள் சாலையோர வாய்க்காலான கானுக்குள் இறங்கி, தலைத்துணியை எடுத்துவிட்டு நிற்க வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா மாட்டை நிறுத்தினார். "தொரை காரையா நிறுத்தப் போற?"

"வேற யாரு நிப்பா?"

"பால் வண்டிய இங்க பாத்தா களவாணின்னுதான் சொல்லுவான்."

"நீங்க வேணும்னா வண்டிய மரத்துக்குள்ள திருப்பிக்கிட்டுப் போங்க. நான் புள்ளயோட நிக்கிறேன்."

அப்பா போகவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டின் பக்கத்தில் நின்றார். அதைப் பார்த்து எனக்கு அப்பாமேல் அவ்வளவு பாசம் வந்தது. இதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

கார் வந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும் என் கால் தானாகவே கானில் இறங்கிவிட்டது. அம்மா சாலையின் நடுவில் நின்றாள். அவள் தலையில் வெட்டிய இடத்து முடி குட்டையாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கார் நெருங்கியது. மறுபடி ஹாரன். அம்மா அசையவில்லை. கடைசியில் சக்கரம் கிறீச்சிட்டு, அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

துரை இறங்கினார். அவரே ஓட்டி வந்திருந்தார். எங்கள் பாஷையில் பேசுவார். ஆனால் அந்தப் பாஷையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதட்டல்தான்.

"என்ன வேலை இது? பால் ஏன் ரோட்டில் வந்தது?"

அம்மா பிள்ளையைக் காட்டினாள். அவர் கண் பீப்பாயை விட்டு நகரவில்லை. "யார் வாங்குறான்? இந்தச் சீனனா?" என்றார்.

கங்காணியை எதிர்த்தவள், காருக்கு முன்னால் நின்றவள், அந்த ஒரு சொல்லுக்கு வாயடைத்துப் போனாள். அப்பா தலை குனிந்துவிட்டார். தவுக்கேயின் தோளில் சத்தம் இன்னும் சன்னமாகியது.

நான் கானிலிருந்து ஏறி வந்தேன். அடிப்பாரோ என்று நினைத்தேன், ஆனாலும் வந்தேன்.

"தொரை, நாந்தான் தப்புப் பண்ணுனேன். அவுங்க கார்ல பால் தண்ணிய ஊத்திட்டேன். அதான் நின்னுபோச்சு. புள்ள சாவப் போவுது தொரை."

டிரைவர் சட்டைப்பையிலிருந்து அந்த வெள்ளை நூலை எடுத்து நீட்டினார். ஏன் அதைப் பையில் போட்டு வைத்தார் என்று எனக்குத் தெரியாது. துரை வாங்கி விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். ரப்பர்க்காரர் இல்லையா, யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

காரின் பின்கதவைத் திறந்தார்.

தவுக்கேயும் பிள்ளையும் ஏறினார்கள். துரை அப்பாவைப் பார்த்து, "பால் ஸ்டோருக்குப் போகணும். அப்புறம் பேசுறது" என்றார். கார் போய்விட்டது. நாங்களும் டிரைவரும் அங்கேயே நின்றோம். காரோடு அந்தச் சீழ்க்கைச் சத்தமும் போய்விட்டது எனக்கு என்னவோபோல் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவரை பிள்ளை உயிரோடு இருந்தது என்பதாவது தெரிந்தது.

அடிக்காத ராத்திரி

பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது பீப்பாயில் பாதி உறைந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமை துரை பேசினார். அப்பாவை வண்டியிலிருந்து எடுத்துக் கான் வெட்டப் போட்டார்கள். அம்மாவுக்குச் சாலையோரத்து மர நிரை போய், மலையுச்சியில் நிரை கொடுத்தார்கள். லயம் தப்பியது. கங்காணி தன் பானையை எடுத்ததை மட்டும் மன்னிக்கவே இல்லை. துரை பேசி முடித்ததைக் கங்காணி பல மாதம் பேசிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ராத்திரியைச் சொல்ல வேண்டும். நான் சுவரோரமாக உட்கார்ந்து அடிக்காகக் காத்திருந்தேன். அம்மா சோறு போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அடிக்கலையாம்மா?"

"தண்ணி குடுத்ததுக்கு அடிக்க மாட்டேன்" என்றாள். "தலையாட்டுனதுக்கு அடிக்கணும். ஆனா தொரைகிட்ட வாயத் தொறந்து சொல்லிட்ட. அப்ப எனக்கே வாய் வரல." என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "இனிமே யாருக்குத் தண்ணி குடுத்தாலும் மொதல்ல ஒன் கையில ஊத்திக் குடிச்சுப் பாரு. ஒனக்கு ஆவாதது அடுத்தவனுக்கும் ஆவாது. அது மனுசனா இருந்தாலும் சரி, காரா இருந்தாலும் சரி."

பிள்ளை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. துரையிடம் போய்க் கேட்க எங்களில் ஆள் கிடையாது. வண்டி அச்சு கிறீச்சிட்டால் எனக்கு அந்தத் தொண்டைதான் கேட்கும். ரப்பர் இலை காற்றில் உரசினாலும் அதுதான். மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் உடைந்த அப்பாவின் கையைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவும் செய்து பிள்ளை செத்தே போயிருந்தால் என்று நினைப்பேன். சாலையில் கார் நின்றால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். அம்மா என்னை அனுப்பவில்லை. அவளே போனாள்.

மூடியைத் திறந்தபோது

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பெண்கள் எல்லாரும் பால் கொட்டாயில் ஒதுங்கியிருந்தார்கள். கங்காணியும் இருந்தார். தூறல் விட்டதும் ஒரு கார் வந்து வாசலுக்கு எதிரே நின்றது.

டிரைவரை நடையிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

"அக்கா, சௌக்கியமா? கோவிந்தன், அன்னிக்கு வந்தவன்" என்றார் அம்மாவிடம். அப்போதுதான் எங்களுக்கு அவர் பேரே தெரிந்தது.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ள..." என்று ஆரம்பித்தாள்.

"நல்லாருக்குக்கா. தொண்டையில ஓட்ட போட்டு மூச்சு விட வெச்சு, அப்புறம் கொட்டைய எடுத்தாங்க. இப்ப ஊடே இடிஞ்சு போற மாதிரி கத்துது. தவுக்கே சந்தோசமாக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தூணைக் கட்டிக்கொண்டேன். சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அழுதேன்.

கோவிந்தன் அண்ணன் சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தங்கச்சி, காருக்குத் தண்ணி கொஞ்சம் கொண்டாலா."

கொட்டாயில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணி சிரித்தார். "அதுகிட்டயா கேக்குற? ஒரு தடவ பட்டது போதாதா?"

"அதுகிட்டத்தான் கேக்குறேன்" என்றார் அவர்.

நான் டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடினேன். மண் போட்டுத் தேய்த்தேன். மூன்று தடவை அலசினேன், நாலாவது தடவையும் அலசினேன். நடு ஓடையில் இறங்கி மொண்டேன். கால் மைல் மேட்டில் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கார் போய்விட்டிருக்கும் என்று பயம். போகவில்லை. அவர் காரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

எல்லாரும் பார்க்க, டின்னைச் சாய்த்து என் கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நீயே ஊத்து" என்றார்.

காரின் தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல் கை வைக்கப் பயமாக இருந்தது. ஆவி அடிக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தொட்டேன். அடிக்கவில்லை. இரும்பு, காத்திருந்த நேரத்தில் ஆறிப்போய், மழைத்தண்ணீர் பட்டுச் சில்லென்று இருந்தது. திருகித் திறந்து, டின்னைத் தூக்கி ஊற்றினேன்.

ஒரு கை அளவுகூட உள்ளே போகவில்லை. தொட்டி விளிம்புவரை ஏற்கெனவே நிறைந்திருந்தது. நான் ஊற்றியதெல்லாம் வழிந்து என் காலை நனைத்துக்கொண்டு சாலையில் ஓடியது.

"போதும் தங்கச்சி" என்று சொல்லி அவர் மூடியைத் திருகினார்.